ஏழு கோல் பாக்கி

— முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு. அதுல முப்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம் வசூலாயிடுச்சு. மிச்சம் எழுநூறு. ஏழு கோல்டி. ஏழே ஏழு கோல்.

— எழுநூறை வசூல் பண்ண முப்பத்தேழாயிரம் கொடுத்துப் புது வீடியோ கேம் பெட்டி வாங்கணுமா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னானாம்.

— அதுவும் பழசைக் கொடுத்துட்டு வாங்கினாத்தான் அந்த விலை. கடைக்காரன் இன்னைக்கு ஒரு நாள்தான்னு சொல்லிட்டான்.

— அவன் பொழப்பு அவனுக்கு. நான் எட்டு மணி நேரம் நின்னு அடுத்தவங்க சட்டையை இஸ்திரி போடறது, நீ டிவி முன்னாடி உட்கார்ந்து பந்து உதைக்கறதுக்கா?

— பந்து உதைக்கலடி, கடன் வசூல் பண்றேன். மேஸ்திரி என் கூலியைக் கொடுக்கல. நெட்ல அவனோட ஆடி, கோலுக்கு நூறுன்னு நானே எடுத்துக்கறேன். அதுலயும் அவன் அடிச்ச கோலைக் கழிச்சுட்டுத்தான் கோடு போடறேன். கணக்குன்னா கணக்கு. குளியலறைக் கதவுக்குப் பின்னால போய்ப் பாரு. டைல்ஸுக்கு இருபது கோடு.

— நான் பார்க்காமயா? அது அழியாம சுத்திச் சுத்தித் தேய்க்கறவளே நான்தான்.

— இப்ப அவன் என்ன பண்ணிட்டான்? புதுசு வாங்கிட்டான். புதுசுல ஏறிட்டவனோட பழசுல இருக்கறவன் ஆட முடியாது. அதுக்கு வேற ஆட்டம், இதுக்கு வேற ஆட்டம்.

— ஓடிட்டான்னு சொல்லு.

— அதேதான்! கடைசித் தவணையை நிறுத்திக்கிட்டு ஓடறது அவன் பொறப்புக் குணம். பூச்சு வேலைக்காரன்கிட்ட அப்படித்தான் ஓடினான், கம்பி கட்டறவன்கிட்ட அப்படித்தான் ஓடினான். ஆட்டத்துலயும் ஏழு கோலை வெச்சுட்டு ஓடறான் பாரு!

— ஆடறது நீதான்னு அவனுக்கு இன்னும் தெரியாதில்ல?

— எப்படித் தெரியும்? நான் மைக்கை மூடிட்டுத்தான் ஆடறேன். ஆட்டத்துல வெச்ச பேரு மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

— சனிக்கிழமை.

— சனிக்கிழமை! பதினோரு வாரம் "சனிக்கிழமை தரேன், எழுதிக்கோ"ன்னு ஓட்டினானே. அந்த "எழுதிக்கோ"வை வெச்சுத்தானே அவனை நான் கண்டுபிடிச்சேன். யாரோ ஒருத்தன்னு நெனச்சு ஆடிட்டிருக்கேன், தோத்ததும் காதுல கத்தறான்: "நாளைக்கு உன்னைப் பொளக்கறேன், எழுதிக்கோ!" எனக்கு இல்லாத ரெண்டு விரலும் துடிச்சுது. அன்னைக்கே பேரை மாத்தினேன்.

— மாத்தின லட்சணம் தெரியாதா? அந்த ஆறு எழுத்துக்காகத்தானே என்கிட்ட எழுத்தே கத்துக்கிட்ட. அதுவரைக்கும் கைநாட்டு.

— முதல்ல எழுதின வார்த்தையே அதுதான். இப்ப எல்லாம் எழுதுவேன். ஆமா, உன்கிட்ட ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன். கடைசி ஆட்டத்துல புலம்பறான்: "பகல்லயும் சனிக்கிழமை என் உசுரை வாங்குது, சாயங்காலமும் சனிக்கிழமை என் உசுரை வாங்குது, போதும்டா சாமி, நான் புதுசு வாங்கிட்டேன்"னு. பகல்ல எந்தச் சனிக்கிழமைடி?

— எனக்கென்ன தெரியும்? நகரு, என் யூனிஃபார்மை மடிக்கணும். கடையில போய்ப் புதுசைக் கையில பிடிச்சுப் பார்த்தியா, அதைச் சொல்லு.

— பார்த்தேன்.

— பார்த்தியா, சரி. கை என்ன சொல்லுச்சு?

— பித்தான் கெட்டியா இருக்கு. பழசுல தொட்டாப் போதும், புதுசுல இழுக்கணும். எல்லாரும் ஆள்காட்டி விரலால இழுக்கறாங்க. நான் மோதிர விரலால இழுத்தேன். அஞ்சு நிமிஷத்துல நடுங்குது. கடைக்காரப் பையன் என் கையைப் பார்த்துட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டான்.

— அந்த டைல்ஸ் வெட்டற மெஷின்ல மூடியைக் கழட்டினவன் கையை எவனும் பார்க்கலியே.

— மூடி இருந்தா வெட்டு மெதுவாப் போகுதாம். ரெண்டு நாள்ல தரை முடியணுமாம். விரல் போனதும் முதல் வார்த்தை என்ன சொன்னான் தெரியுமா? "டைல்ஸ்ல ரத்தம் ஊறிடும், தண்ணி ஊத்துங்கடா."

— தெரியும். நூறு தடவை சொல்லியிருக்க. எனக்கு ஒரு தடவையும் பழசாகல.

— சரி விடு.

— எதை விட?

— எல்லாத்தையும்தான். நேத்து நீ மாடி ஏறி வரும்போது பார்த்தேன். மூணாம் மாடியில சுவரைப் பிடிச்சுட்டு நின்னுட்ட. கீழ் வீடு இன்னைக்குக் காலியாகுது. நீ காசு சேர்க்கற டப்பாவுல இருக்கறதை எடு, அட்வான்ஸ் கொடுத்துடலாம். ஏழு கோல்தானே, தள்ளுபடி பண்ணிட்டேன். புதுசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

— டப்பாவை எடுக்க முடியாது.

— ஏன்?

— முடியாதுன்னா முடியாது. வேலைக்கு நேரமாச்சு.

— நான் கேட்டாத் தரமாட்ட, சரி. உன் முட்டிக்கே தரமாட்டியா? நகரு, நானே எடுக்கறேன்.

— அதைத் தொடாதய்யா!

— என்னடி இது, ரப்பர் போட்டுக் கட்டி… ஒரே கட்டா இருக்கு. நீ சில்லறையாத்தானே சேர்ப்ப? பத்து… இருபது… முப்பது… முப்பத்தஞ்சு… முப்பத்தெட்டு. அப்புறம் ஆறு நூறு.

— ஏன் நிறுத்திட்ட? கூட்டிச் சொல்லு.

— முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு.

— ஆமா.

— இது யார் காசு?

— உன் காசு. மேஸ்திரி கொடுத்தது. பதினாலு மாசம் ஆச்சு.

— ஏய்… விளையாடாத.

— விளையாடறது நீ. நான் நிஜத்தைச் சொல்றேன். சலவைக் கடைக்கே வந்து கொடுத்தான். அவன் கடைசி பில்லைக் கம்பெனி நிறுத்தி வெச்சிருக்கு. ஒவ்வொரு ஆளும் கூலி முழுசா வந்துடுச்சுன்னு கையெழுத்துப் போட்டாத்தான் பணமாம். கைநாட்டு செல்லாதாம். உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

— மூணு மாசம் வாடகை கொடுக்க முடியாம வீட்டுக்காரர் கண்ணுல படாம பின்வாசல் வழியாப் போய் வந்தேனே. அப்பவும் இது இங்கதான் இருந்துச்சா?

— அப்பவும் இங்கதான் இருந்துச்சு. ஒரு தாளைத் தொடல. தொட்டா அவனை மன்னிச்ச மாதிரி ஆயிடும்.

— நெஞ்சழுத்தக்காரிடி நீ!

— ஆமா, நெஞ்சழுத்தக்காரிதான். காசை நீட்டினானே, உன் கை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டானா? "நமக்குள்ள கணக்கு முடிஞ்சுது, எழுதிக்கோம்மா"ங்கறான். வாங்கி எண்ணி வெச்சுக்கிட்டு நாலு மாடி ஏறி வந்தேன். எட்டு மாசமா சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த மனுஷன், என் தம்பி கொடுத்த பெட்டி முன்னாடி நிமிர்ந்து உட்கார்ந்து கத்தறான்: "நூறு போச்சு! இன்னும் முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு!" நான் என்ன பண்ணட்டும்? கடன் அடைஞ்சுடுச்சுன்னு சொல்லி உன்னை மறுபடி படுக்க வைக்கவா?

— அப்ப நான் அடிச்ச முந்நூத்தி எழுபத்தொன்பது கோலும்?

— வட்டி.

— கையெழுத்து கேட்டு அவன் வரலியா?

— வராம? வாராவாரம் வரான். அறுபது வாரம் தாண்டிடுச்சு. எங்க கடையில ஒரு பெஞ்சு இருக்கு, அதுல உட்கார்ந்தா நீராவி நேரா மூஞ்சியில அடிக்கும். அங்கதான் உட்கார வைப்பேன். ஒரு மணி நேரம் வேகவிட்டுட்டுச் சொல்லுவேன்: "அவர் பெரிய முரடு மேஸ்திரி, இன்னும் சமாதானமாகல. வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க. வர்ற சனிக்கிழமை வாங்க, கண்டிப்பா வாங்கித் தரேன்."

— நான் முரடா?

— எறும்பைச் சுத்தி நடக்கற ஆளுன்னு சொன்னா எவன் பயப்படுவான்?

— பகல்ல சனிக்கிழமை…

— நான். சாயங்காலச் சனிக்கிழமை நீ.

— அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லலியே! நான் பாட்டுக்கு என் ஒருத்தன் பகைன்னு நெனச்சுட்டிருந்தேன்.

— உன் விரல்ல எனக்குப் பங்கு இல்லியா? சிரிக்காத. சொல்லு, இப்ப என்ன பண்ணலாம்? கையெழுத்துப் போட்டாத்தான் இது நம்ம காசு. போட்டாத்தான் கீழ் வீடு. போட்டா அவன் பில்லும் வந்துடும்.

— இன்னைக்குச் சனிக்கிழமையாச்சே. இன்னைக்கும் வருவானா?

— பத்து மணிக்குப் பெஞ்சுல இருப்பான்.

— போன் போடு. கடைக்கு வேண்டாம், இங்கயே வரச் சொல்லு. இன்னைக்குக் கையெழுத்து நிச்சயம்னு சொல்லு. பழசைக் கட்டி வெச்சேனே, அந்த அட்டைப்பெட்டியைப் பிரி. ஒயரை எடு. உன் தம்பி ரெண்டாவதா ஒரு கன்ட்ரோலர் கொடுத்தானே, அது எங்க?

— எதுக்கு?

— புதுசு வாங்கி அவன் பின்னாடி நான் ஏன் ஓடணும்? அவனைப் பழசுக்கு இறக்கினாப் போச்சு. கணக்குன்னா கணக்கு.

* * *

— உஸ்… நாலு மாடியாம்மா! இதுக்கு உன் பெஞ்சே தேவலை.

— வாங்க மேஸ்திரி. பயப்படாதீங்க, இன்னைக்குச் சமாதானமா இருக்கார்.

— என்னப்பா, நல்லா இருக்கியா? இந்தா பேப்பர். மடிச்சு மடிச்சு நாலாக் கிழிஞ்சு போச்சு. இங்க போடு.

— போடறேன் மேஸ்திரி. முதல்ல உட்காருங்க. தரையிலதான். டைல்ஸ் நான் போட்டது, தைரியமா உட்காரலாம். இதைப் பிடிங்க. ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போடறேன்.

— நீ இதெல்லாம் ஆடுவியா? இந்தக் கையோடயா? பழசு போலிருக்கே. நான் போன வாரம்தான் புதுசு வாங்கினேன். அய்யோ பாவம், உன்னை ஜெயிச்சா எனக்கு என்ன பெருமை?

— பழசுதான் மேஸ்திரி. பாக்கியும் பழசுதான். ஆடுங்க.

— சரி, உன் ஆசைக்கு ஒரு ஆட்டம். பத்தே நிமிஷம், எழுதிக்கோ.

— எத்தனை ஆச்சுய்யா? எனக்கு இங்கேர்ந்து சரியாத் தெரியல.

— மூணுக்கு ஒண்ணு.

— பழகாத கன்ட்ரோலர்மா, கைக்கு வரல…

— இப்ப?

— ஆறுக்கு ரெண்டு.

— இரு, இரு. மூலையிலேர்ந்து வந்த பந்தை நெஞ்சுல இறக்கி, இடது கால்ல… இந்த அடியை எங்கயோ வாங்கியிருக்கேனே.

— வாங்கியிருப்பீங்க மேஸ்திரி. எட்டு. இதோ ஒன்பது. ஒன்பதுக்கு ரெண்டு. கழிச்சா ஏழு. முடிஞ்சுது. பேனாவைக் கொடுங்க.

— இங்க, இந்தக் கோட்டு மேல. அடேங்கப்பா, எழுதவே கத்துக்கிட்டியா! முன்னெல்லாம் கட்டைவிரலை நீட்டுவ.

— படிச்சுப் பாருங்க. "முழுதும் பெற்றுக்கொண்டேன்." கீழ என் பேரு.

— பேரு சரி. பக்கத்துல என்ன? தேதின்னா எண் போடணும்ப்பா, நீ கிழமையை எழுதி வெச்சிருக்க. சனிக்… டேய். நீயா?

— பேரு, கிழமை, ரெண்டும் நான்தான் மேஸ்திரி. கணக்கு தீர்ந்துது, எழுதிக்கோங்க.