இரண்டு புள்ளி எட்டு

எனக்குச் சின்ன வயதில் ஊசி என்றால் பயம். அதனாலோ என்னவோ, அடுத்தவருக்கு வலிக்காமல் ரத்தம் எடுக்க எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. லேபில் வயதானவர்கள் என்னைத்தான் தேடுவார்கள். அந்தப் பாப்பா எடுத்தால் தெரிவதே இல்லை என்பார்கள்.

நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள் மேடம். மாத்திரையை அதிகமாகக் கொடுத்து டோமினிக்கை அவர் மனைவி மரிய செலின் கொன்றுவிட்டதாக டோமினிக்கின் தம்பி புகார் கொடுத்திருக்கிறார். அந்தம்மா ஸ்டேஷன் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை வரும்போது பார்த்தேன். லேபில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை.

என் பெயர் புவனேஸ்வரி. ஊர் கரியமாணிக்கம். அப்பா கரும்பு வைத்திருக்கிறார். லேப் டெக்னீஷியன் படிப்பில் கடைசி செமஸ்டர். அந்த செமஸ்டரில் வெளியே ஒரு லேபில் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். வேலை திருப்தி என்று லேப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் கிரெடிட். கிரெடிட் இல்லாவிட்டால் டிகிரி இல்லை. எனக்கு வில்லியனூரில் இடம் கிடைத்தது. பொறுப்பாளர் மணவாளன் சார். கெட்டவர் இல்லை. அவருக்கு வேலை அதிகம், அவ்வளவுதான்.

டோமினிக் மாதம் ஒருமுறை வருவார். அரியூர்ப் பக்கம் நெல் பயிர் வைப்பவர். இதயத்தில் உலோக வால்வு பொருத்தியிருந்தார்கள். அதில் ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் மாத்திரை. மாத்திரை குறைந்தால் ரத்தம் கட்டும், கூடினால் உள்ளே கசியும். எவ்வளவு கொடுப்பது என்பதை எங்கள் டெஸ்டில் வரும் எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்வார். எண் மூன்றை ஒட்டி இருந்தால் நல்லது, ஏற ஏறக் கசியும் ஆபத்து.

முதல் தடவை வந்தபோது சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சைக் காட்டினார்.

"கேளு பாப்பா, டிக் டிக்குங்குது. எனக்கு வாட்ச்சே தேவயில்ல."

"அந்த வாட்ச்சுக்கு நாந்தான் தெனம் சாவி குடுக்கறேன்," என்றார் மரிய செலின். "மாத்திரைய எடுத்து வாயில போடலன்னா மறந்துட்டுத் தூங்கற ஆளு."

இதை நான் சேர்த்துச் சொல்லக் காரணம், மாத்திரை கொடுத்தது அந்தம்மாதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இந்த டெஸ்டுக்கு நீல மூடிக் குழாய். ரத்தம் எடுத்த கையோடு குழாயை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். உள்ளே இருக்கும் மருந்து கலக்காவிட்டால் ரத்தம் கட்டிவிடும், டெஸ்ட் செய்ய முடியாது. நான் நோயாளிகளிடம் பேசிக்கொண்டே எடுப்பவள். சில தடவை கலக்க மறந்திருக்கிறேன். நோயாளியை மறுபடி வரவழைக்க வேண்டியதாகிவிட்டது. மணவாளன் சார் எல்லோர் எதிரிலும் சொன்னார்.

"இன்னொரு தபா ரத்தம் கட்டிச்சின்னா நான் கையெழுத்து போட மாட்டேன்மா. வூட்டுக்குப் போயி துணி காயப்போடு."

அதற்கடுத்து டோமினிக் வந்தபோது சோர்வாக இருந்தார். காய்ச்சல், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன் என்றார். அப்படிப்பட்ட மாத்திரை வால்வு மாத்திரையோடு சேர்ந்தால் எண் ஏறிவிடலாம். எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். காய்ச்சலைப் பற்றி விசாரித்துக்கொண்டே ரத்தம் எடுத்தேன். அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு குழாயைப் பார்த்தால், கட்டியிருந்தது.

போன மாதம் அவருக்கு இரண்டு புள்ளி ஆறு. அதற்கு முந்தைய மாதமும் ஏறக்குறைய அதுதான். ரிப்போர்ட்டில் இந்த முறையும் இரண்டு புள்ளி ஆறு என்றே போட்டேன். அப்போது அது பொய்யாகத் தோன்றவில்லை. கையில் இருக்கும் தகவலை வைத்து நெருக்கடியில் முடிவெடுப்பது எப்படி என்று கல்லூரியில் எங்களுக்குத் தனியாக வகுப்பு எடுத்திருக்கிறார்கள். டாக்டர் அதே அளவு மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

அடுத்த வாரமே மரிய செலின் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பல் துலக்கினால் ரத்தம் நிற்கவில்லை. தொடையில் அடிபடாமலே கன்றியிருந்தது. டாக்டர் மறுபடி டெஸ்ட் கேட்டிருந்தார். இந்த முறை நான் பேசவில்லை. சரியாக எடுத்தேன், சரியாகக் கலக்கினேன்.

எட்டைத் தாண்டி வந்தது.

இன்னொரு முறை ஓட்டினேன். அதே எண். மெஷினில் குறை இல்லை, என்னிடமும் குறை இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டோமினிக் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் லேசாகச் சிரித்தேன். எதிரில் இருப்பவரைப் பதற்றப்பட வைக்கக் கூடாது.

மணவாளன் சார் உள்ளே வந்தார். "இன்னாமா, டோமினிக் ரிசல்ட்டு வந்துச்சா? டாக்டர் லைன்ல கீறாரு."

எட்டு என்று சொன்னால், போன வாரம் இரண்டு புள்ளி ஆறு எப்படி என்று கேட்பார். இன்டர்ன்ஷிப் முடிய இருந்தது. அதே இரண்டு புள்ளி ஆறைச் சொன்னால் சந்தேகம் வரும்.

"வந்துடுச்சு சார். ரெண்டு புள்ளி எட்டு."

"நல்லாத்தான கீது. பல்லு டாக்டரப் பாக்கச் சொல்லு."

அவர் போனில் எண்ணைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். குறுக்கிட நேரம் இருந்தது. டாக்டர் ஏதோ கேட்டார், சார் மறுபடியும் அதே எண்ணைச் சொன்னார்.

வெளியே வந்து மிருதுவான பிரஷ் வாங்கச் சொன்னேன். மரிய செலின் என்னைத் தனியாக ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டு நாளு மாத்திரைய நிறுத்திப் பாக்கட்டா பாப்பா? எனக்கு மனசே சரியில்ல."

"நிறுத்தாதீங்க ஆன்ட்டி. ஒரு வேளகூட வுடாதீங்க."

டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. நான் விதியை மீறவில்லை.

அதற்குப் பிறகு லேப் போன் அடிக்கும்போதெல்லாம் வேறு யாராவது எடுக்கட்டும் என்று விட்டுவிடுவேன். சொல்லிவிடலாம் என்று நினைத்த வேளைகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு நாளும் அவர் உயிரோடு இருந்தார். அதனால் ஒவ்வொரு நாளும் நான் செய்தது சரியாகவே இருந்தது.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். பெரிய ஆஸ்பத்திரியில் மூளைக்குள் ரத்தக்கசிவு என்றார்கள். அங்கே எடுத்த டெஸ்டில் எண் மிக அதிகம். எங்கள் ரிப்போர்ட் இரண்டும் சரியாக இருந்ததால், நடுவில் வீட்டில்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதில் தவறு சொல்ல முடியாது.

காரியமெல்லாம் முடிந்து மரிய செலின் லேபுக்கு வந்தார். யாரையும் திட்ட வரவில்லை. தான் எங்கே தப்பு செய்தோம் என்று தெரிந்துகொள்ள வந்தார். நான் அவரை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னேன். காலையில் கொடுத்ததை மறந்து சாயங்காலமும் கொடுப்பது உண்டு. வேறு அளவு மாத்திரை கலந்துவிடுவதும் உண்டு.

"அப்ப நாந்தான் குடுத்துட்டனா பாப்பா?"

"வேணும்னு செய்யலயே ஆன்ட்டி."

அவர் வெகுநேரம் அழுதார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் ஒருவரும் இப்படி உட்கார்ந்து பேசவில்லை என்றார். போய்க் கொழுந்தனிடம், நான்தான் மாற்றிக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதை வைத்துத்தான் புகார்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அந்தம்மா மாத்திரையைச் சரியாகவே கொடுத்தார். எட்டு என்று தெரிந்தே நான் இரண்டு புள்ளி எட்டு என்றேன். நிறுத்தட்டுமா என்று கேட்டவரை நிறுத்த விடாமல் செய்ததும் நான்தான். டோமினிக் செத்துப்போனது என்னால்.

எனக்குக் கிரெடிட் முழுதாகக் கிடைத்துவிட்டது. கல்லூரியில் கொடுத்த இன்டர்ன்ஷிப் அறிக்கையில், வளர்த்துக்கொண்ட திறன்கள் என்று ஒரு பகுதி உண்டு. துக்கத்தில் இருப்பவரிடம் பரிவோடு பேசுவது என்று எழுதி, மரிய செலினுக்கு ஆறுதல் சொன்னதைத்தான் உதாரணமாகக் கொடுத்தேன். பெயரைப் போடவில்லை. நோயாளியின் குடும்பத்துக்கு நம்மால் ஒரு சங்கடம் வந்துவிடக் கூடாது, இல்லையா மேடம்.