நாலாம் நம்பர் பேட்டரி

ஐயய்யோ, அத எடுக்காதீங்க சார். இல்லல்ல, நான் கடைக்காரி இல்ல, உங்கள மாதிரி வாங்க வந்தவதான். கடைக்காரர் உள்ள எதையோ உருட்டிட்டு இருக்காரு, வர்றதுக்கு நேரமாகும். அதுக்குள்ள அந்த அட்டைய திருப்பி பாருங்க. கேமரா கம்பெனிக்காரன் பேட்டரிய விட ரெண்டு மடங்கு தாங்கும்னு போட்டிருக்கா? அதே சைஸு டப்பா, அதுக்குள்ள ரெண்டு மடங்கு எங்கேர்ந்து சார் வரும்? சும்மா அளந்து விடுறான்.

கையில வச்சு பாருங்க, கனமே இல்ல. இப்ப பக்கத்துல இருக்கறத தூக்குங்க. தெரியுதுல்ல? இதுவும் கேமரா கம்பெனி இல்ல, வேற ஆளு செஞ்சதுதான், ஆனா ஒழுங்கா செஞ்சிருக்கான்.

கம்பெனி பேட்டரியே வாங்கிடலாம்தான். எங்களுக்கு ஆறு வேணுமே, கட்டுப்படியாகாது. நானும் என் தங்கச்சியும் சேர்ந்து ஸ்டுடியோ வச்சிருக்கோம், கல்யாணம் காட்சின்னு போவோம். அவ படம் எடுப்பா. நானும் எடுப்பேன் சார், ஆனா அவ எடுப்பா. புரியுதா உங்களுக்கு?

ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கேமரா, ஒரே வெளிச்சம், பக்கத்து பக்கத்துல நின்னுதான் எடுக்குறோம். அவ படத்துல ஆளு மூச்சு விடுறான். என் படத்துல ரேஷன் கார்டுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறான். ஃபோன் என் நம்பருக்குத்தான் வரும், ஆனா எடுத்த உடனே, சின்னவங்க வருவாங்கல்லன்னு கேப்பாங்க. எங்கம்மா வீட்டு ஹால்ல மூணு ஆணி, மூணுலயும் அவ எடுத்த படம். நான் எடுத்தது ஒண்ணு சமையக்கட்டு போற வழியில, காலண்டருக்கு பின்னாடி. வயிறு எரியும் சார். யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க யாரோ எவரோ, அதனால சொல்றேன்.

பேட்டரி மட்டும் என் இலாகா. அதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. முதல்ல ஒண்ணே ஒண்ணு வாங்குவேன். முழுசா சார்ஜ் போட்டு ஒரு வாரம் அலமாரியில வச்சிடுவேன். அப்புறம் கேமராவுல போட்டு எவ்வளவு காட்டுதுன்னு பாப்பேன். படம் எடுக்க எடுக்க படிப்படியா இறங்கினா நம்பலாம். போடும்போதும் எடுக்கும்போதும் உரசாம போயி வரணும், இறுக்கமா இருந்தா வீங்குதுன்னு அர்த்தம். தேறினதுக்கு அப்புறம்தான் மிச்சத்த வாங்கி, ஒவ்வொண்ணுலயும் ஸ்டிக்கர் ஒட்டி என் கையால நம்பர் போடுவேன். ஒண்ணாம் நம்பர்தான் இருக்கறதுலயே நல்லது. நாலாம் நம்பர் ஒண்ணு இருந்துச்சு, சனியன். முழுசா இருக்குன்னு காட்டும், பத்து படம் தாண்டாது, பொசுக்குன்னு அணைஞ்சிடும். தூக்கி போட்டிருக்கணும். அலமாரியிலயே கிடந்துச்சு.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு கல்யாணம். பொண்ணோட அப்பாவுக்கு பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில இருந்தாரு. மக கைய புடிச்சு மேடை வரைக்கும் பத்து அடி நடக்கணும்னு எட்டு மாசமா பழகியிருக்காரு மனுஷன். எது விட்டுப்போனாலும் பரவாயில்ல, இது விட்டுப்போகக்கூடாதுன்னு அந்த வீட்டம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க. சொல்லிட்டு, இத சின்னவங்க எடுக்கட்டும், பெரியவங்க கூட்டத்த எடுக்கட்டும்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்.

முக்கியமான நேரத்துக்கு முன்னாடி ஓடிட்டிருக்கற பேட்டரிய கழட்டிட்டு ஒண்ணாம் நம்பர போட்டுக்கறது எங்க பழக்கம். அன்னிக்கு அவளும் அப்படித்தான் போட்டா. அவரு எழுந்தாரு, ரெண்டு அடி வச்சாரு, இவ கேமரா செத்துப்போச்சு. பையில துழாவி வேற எடுத்து போடறதுக்குள்ள அவரு மேடையில உக்காந்தாச்சு.

நான் எடுத்தேன் சார். மூலையிலேர்ந்து ஒம்போது படம். அந்த வீட்டம்மா என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. எங்கம்மா நாலாவது ஆணி அடிச்சு அந்த படத்த ஹால்ல மாட்டிட்டாங்க. அந்த ஆணிக்கு எத்தன வருஷம் காத்திருந்தேன் தெரியுமா?

படத்துல ஓரமா அவளும் விழுந்திருந்தா. செத்த கேமராவ கையில வச்சுக்கிட்டு என்னையே பாக்குறா. கோவமெல்லாம் இல்ல. அக்கா, நீயாவது எடுத்துடுங்கற மாதிரி ஒரு பார்வை. ஆல்பம் செய்யும்போது அவளே அந்த ஓரத்த வெட்டிட்டா. என்னை எடுத்துட்டேன்க்கா, இப்ப படம் சுத்தமா இருக்குன்னு சொன்னா.

அதுலேர்ந்து அவ கேமராவ தொடல. நம்பர் போடுறது நான், முந்தின ராத்திரி சார்ஜ் போடுறது அவ; சரியா போடாதது தன் தப்புதான்னு நினைச்சுக்கிட்டு பின்னாடி ரூம்ல உக்காந்து ஆல்பம் ஒட்டிட்டிருக்கா. இப்ப நான்தான் எல்லாம். நேத்து ஒருத்தங்க ஃபோன்ல, பெரியவங்க வருவாங்கல்லன்னு கேட்டாங்க. எந்த வார்த்தைய கேக்கணும்னு ஏங்கினேனோ அதே வார்த்தை. அதுக்கப்புறம் எனக்கு சோறு இறங்கல.

இன்னிக்கு காலையில வந்து நிக்கிறா. புதுசா ஆறு வாங்கிட்டு வாக்கா, நீ பாத்து நம்பர் போட்டு குடு, உன்னை நம்பி ஒரு தடவ எடுத்து பாக்குறேன், அதுவும் சரிவரலன்னா விட்டுடுறேன்னா. அதான் ஒவ்வொண்ணா தூக்கி தூக்கி பாத்துட்டு நிக்கிறேன். ஒரு மணி நேரமாச்சு.

பழைய பேட்டரி போடுற பெட்டி அதுதானே? அன்னிக்கு செத்தது என் பையிலதான் இருக்கு, அதையும் போடணும். இந்தாங்க, பாருங்க. ஒண்ணுன்னு போட்டிருக்கா? தடவி பாத்தா மேல கொஞ்சம் தடிப்பா இருக்கும். வீக்கமெல்லாம் இல்ல சார், அது ஸ்டிக்கர். ஓரத்துல நகத்தால உரிங்க, வந்துடும். கீழ இன்னொன்னு இருக்கா? என்ன நம்பர்?

ஆமா. ரெண்டும் என் கையெழுத்துதான். நிஜமான ஒண்ணாம் நம்பர் அன்னிக்கு என் கேமராவுல இருந்துச்சு.

கடைக்காரர் வந்துட்டாரு பாருங்க. நீங்க முதல்ல பில்லு போடுங்க சார், நான் இன்னும் ஒண்ணுகூட எடுக்கல.