ஆடாத படம்

பயந்துபோய் வருபவரிடம் பத்து நிமிஷம் ஊர்க்கதை பேசினால் நாடி தானாக இறங்கிவிடும், சார். தாம்பரம் ஸ்கேன் சென்டரில் எனக்குப் பாதி வேலை அதுதான். நாடி அறுபதுக்கு இறங்காமல் இதயக் குழாய்களைப் படம் எடுத்தால் ஆடிவிடும். அதனால் மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்காரவைப்போம்.

கோவளத்தில் மீன் ஏலம் விடும் கோதண்டம் அண்ணன், 2007 ஜூனில் ஒரு வியாழக்கிழமை வந்தார். நடந்தால் நெஞ்சு லேசாக அழுத்துகிறது என்று மகன் தனசேகர் அனுப்பியிருந்தான். வேதசிரோமணி என்ற என் பெயரை ஐந்தே நிமிஷத்தில் வேதா ஆக்கிவிட்டார். மாடம்பாக்கத்தில் எட்டு வருஷமாகத் தனியாக இருக்கிறேன். ஹவுஸ் ஓனர்கூட மோட்டார் போடச் சொல்லத்தான் கூப்பிடுவார்.

"இன்னா வேதா, ஒண்டியாவா கீற? சோறு யாரு போடறது?" என்று அண்ணன் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

படம் எடுத்தேன். இடது பெரிய குழாயில் கொழுப்பு. சுண்ணாம்பு படிந்து இறுகிய அடைப்பு என்றால் பல வருஷம் அப்படியே கிடக்கலாம். இது இளகிய கொழுப்பு. மேலே உள்ள மெல்லிய தோல் கிழிந்தால் ரத்தம் உறைந்து குழாயையே மூடிவிடும். டாக்டர் பார்த்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். பிறகு அண்ணன் எதற்கு இங்கே வரப்போகிறார்?

ஆடிய படம் டாக்டர் மேஜைக்குப் போகாது, நானே ஒதுக்கிவிடலாம். படம் ஆடிவிட்டது, அடுத்த வியாழன் வாருங்கள் என்றேன். தன்னால்தான் ஆடியது என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த வாரம் எனக்கு வஞ்சிர வறுவல் கொண்டுவந்தார். நன்றாகப் பேசினோம். பிறகு படுக்கவைத்து மூச்சைப் பிடிக்கச் சொன்னேன், மெஷினை ஓட்டவில்லை. திரும்பத் திரும்பக் கதிர்வீச்சு பட்டால் அவர் உடம்புக்கு ஆகாது. மூன்றாவது வியாழனும் அப்படித்தான்.

நான்காவது வியாழன் அவர் வரவில்லை. ஏலத்தின் நடுவே சரிந்துவிட்டார் என்று தனசேகர் போனில் சொன்னான். சாவுக்குப் போனேன். தெரு கொள்ளாத கூட்டம். அவர் மனைவி கன்னியம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒருத்தன்தான் அவர பொறுமையா பாத்துக்கின, தம்பி."

முதல் படம் ஆடவே இல்லை, சார். தெரிந்தேதான் மறைத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: கோவளத்தில் அத்தனை சனம் இருந்தும், மூன்று வியாழக்கிழமை அவர் என்னைத் தேடித்தான் வந்தார்.