சந்தனப் பொட்டு வைத்த சிடி

அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் விசாலாட்சி அம்மையார் அவர்களே, மேடைக்கு மாண்பு சேர்க்கும் மேல்மலைப் பெரியோர்களே, மூடுபனியில் முக்காடிட்டு முதல் பேருந்தைப் பிடித்து வந்திருக்கும் பேத்துப்பாறைத் தாய்மார்களே, கேட்காமலே கை நீட்டிக் குருதி கொடுக்கும் எங்கள் கொடையாளர் கழகத்துத் தோழர்களே, உங்கள் அனைவரையும் செயலாளர் தண்டாயுதபாணி வணங்குகிறேன்.

செயலாளர் பேச வந்தால் சாதனையை அடுக்குவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று நான் ஒரு குற்றத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். குற்றவாளி நானே. தடயமும் இதோ, என் கையில்.

என்ன இது? சென்ற ஆண்டு இதே மண்டபத்தில், கணினி ஆசிரியர் கஸ்பார் நம்மில் எழுபத்திரண்டு பேருக்கு வழங்கினாரே, அந்தச் சிடி. நம் கொடையாளர் பதிவேடு ஓடும் சர்வர் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

"சிடிக்குள்ள சர்வர் எப்படிய்யா கெடக்கும்?" என்று பின்வரிசை அண்ணாச்சி கேட்கிறார். நானும் அப்படித்தான் கேட்டேன். ஒரு சர்வரை நிறுவத் திண்டுக்கல்லிலிருந்து ஆள் வந்தால் இரண்டு நாள் வேலை. கஸ்பார் அந்த வேலையை முன்னரே முடித்து, முழுக் கணினியையும் ஒரே கோப்பாகக் கட்டித் தந்துவிட்டார். உங்கள் மேசைமேல் உள்ள சாதாரணக் கணினியில் அதைத் திறந்தால், கணினிக்குள் இன்னொரு கணினி எழுந்து நிற்கும். மெய்நிகர் எந்திரம் என்பார்கள். பதிவேட்டின் நகலை அதற்குள் ஏற்றினால் போதும்.

கொடுக்கும்போது கஸ்பார் ஒன்று சொன்னார். "வீட்டுக்குப் போனதும் ஒருதடவ ஓட்டிப் பாத்துருங்க சார். அவசரத்துல உக்காந்து படிக்கிற சோலி இல்ல இது."

நான் ஓட்டினேனா? இல்லை. ஆயுத பூசை வந்தது. தட்டச்சுப் பொறிக்குப் பொட்டு வைத்தேன், தொலைபேசிக்குப் பொட்டு வைத்தேன், இந்தச் சிடியை எடுத்து, பளபளக்கும் பக்கம் பார்த்து, மூன்று விரலால் சந்தனம் பூசி, நடுவே குங்குமமும் வைத்தேன். சிரிக்காதீர்கள். இனி வருவது சிரிக்கக்கூடியது அல்ல.

கார்த்திகை மாதம். முந்தின நாள் இடியில் நம் அலுவலகச் சர்வர் கருகிப்போனது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பேத்துப்பாறைச் சுமலதாவுக்கு மருத்துவமனையில் குழந்தை பிறந்தது, குருதிப்போக்கு நிற்கவில்லை. வேண்டியது ஓ நெகட்டிவ். வத்தலக்குண்டுச் சாலையில் மண்சரிவு. கீழிருந்து எதுவும் ஏறி வர வழியில்லை. மதியம் ஒரு மணிக்குள் ஆள் வந்தாக வேண்டும் என்றார் மருத்துவர்.

சுமலதாவின் கணவர் மதன் ஓடி வந்தார். "சார், மல முழுக்க யாரு யாருக்கு என்ன ரத்தம்னு ஒங்ககிட்ட லிஸ்ட்டு இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். பக்கத்தில் இருந்த இன்னொரு கணினியில் இந்தச் சிடியைப் போட்டேன். சுழன்றது, முனகியது, நின்றது. எடுத்துப் பார்த்தால் காய்ந்த சந்தனம். நகத்தால் சுரண்டினேன், வேட்டியால் துடைத்தேன். சந்தனம் போனது, கீறல் விழுந்தது. மதன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைக்கு முன் நான் கூசிப்போனேன், தோழர்களே. இன்றும் கூசுகிறேன்.

பதிவேட்டின் நகல் எங்கே இருந்தது? சனிக்கிழமைதோறும் காய்கறி ஜீப்பில் மன்னவனூருக்குப் போகும் பென் டிரைவில். அதை வாங்கி வைப்பவர் உருளைக்கிழங்குச் சங்க அலுவலகத்துத் தேவகுமாரி. தொலைபேசியில் அழைத்தேன். "ஜீப் புடிச்சுக் கொண்டாரவா?" என்றார். "வேணாம்மா, நேரமில்ல. ஒங்ககிட்ட கஸ்பார் குடுத்த சிடி இருக்கா?"

"சிடி எதுக்குங்க சார்? வாங்குன அன்னிக்கே இந்தக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். மெமரி பத்தலன்னு மொரண்டு பண்ணுச்சு. பாதியாக் கொறச்சு வச்சேன், ஓடுச்சு. பாஸ்வேர்டையும் மாத்திட்டேன். இருங்க, பென் டிரைவச் செருகி இப்பக் கெளப்புறேன்."

ஏழு நிமிடம். மதன் சுவரில் நெற்றியை முட்டி நின்றார். தொலைபேசியின் அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குரல்: "மூணு பேரு இருக்காங்க சார்." முதலாமவர் பிழைப்புக்குத் திருப்பூர் போய்விட்டார். இரண்டாமவர் குருதி கொடுத்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. மூன்றாவது பெயர் பெருமாயி, மன்னவனூர்.

தேவகுமாரி கிழங்குக் காட்டுக்கே ஓடினார். களைக்கொத்தோடு நின்ற பெருமாயி கேட்டது ஒன்றுதான். "புள்ள உசுரோட இருக்கா?" இருக்கு என்றதும், "அப்ப வெரசா வண்டிய எடுங்க. மண்ணுக் கையை அங்க வந்து கழுவிக்கிறேன்."

பன்னிரண்டு நாற்பதுக்கு ஜீப் வந்து நின்றது. சுமலதா பிழைத்தார். அதோ, மூன்றாம் வரிசையில் குழந்தையோடு இருக்கிறார். பக்கத்தில் பெருமாயி. கைதட்டுங்கள், அவர்களுக்குத் தட்டுங்கள், எனக்கு வேண்டாம்.

இப்போது கேட்கிறேன். எழுபத்திரண்டு பேரில் அந்தச் சிடியை ஒருமுறையேனும் ஓட்டிப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். ஒரே ஒரு கை. தேவகுமாரி, கையை இறக்குங்கம்மா, உங்களைக் கேட்கவில்லை.

பீரோவில் பூட்டினீர்களா? படத்துக்குப் பின்னால் செருகினீர்களா? அன்று தேவகுமாரியும் என்னைப் போலவே பூசை மட்டும் செய்திருந்தால், சுமலதா இருக்கும் அந்த நாற்காலி இன்று காலியாக இருக்கும். அதை நான் செய்திருப்பேன். எழுபத்தொரு பேரும் சேர்ந்து செய்திருப்போம்.

பின்னால் எட்டுக் கணினிகள் இருக்கின்றன. கஸ்பார் புதுச் சிடிகளோடு நிற்கிறார். தேவகுமாரி சொல்லித் தருவார். அவரவர் கையால் திறந்து, கடவுச்சொல்லை மாற்றி, ஒரு பெயரைத் தேடி எடுத்த பிறகுதான் தேநீர்.

தலைவி அவர்களுக்கும் செவி கொடுத்த உங்களுக்கும் என் நன்றி. வணங்கிவிட்டு என் இருக்கைக்குத் திரும்பப் போவதில்லை. முதல் கணினி முன்னால் போய் உட்காரப் போகிறேன். தேவகுமாரி, வாங்கம்மா. எதை முதலில் அழுத்த வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியாது.