அப்பா சொன்ன ராஜா கதை

செம்பட்டி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அந்தம்மா பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் முடிந்து வருகிறார்.

“நீங்க ராத்திரி சொல்ற கதையை உங்க மக கிளாஸ்ல சொல்லிட்டாளாம்.”

“எந்தக் கதை?” போனிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை.

“தூங்கப்போறப்ப கதை கேட்டா ஞாபகசக்தி வளரும்னு டீச்சர் சொல்றாங்க. நம்ம பிள்ளைக்கு நல்லாவே வளந்திருக்கு, ஒரு வார்த்தை விடல. ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு. செத்த நேரம் சும்மா இரு, போன் வருது. இன்னுமா தூங்கல? கண்ண மூடு, இல்ல முதுகுல ரெண்டு வைப்பேன்.’ அம்புட்டுத்தான் கதை.”

இப்போதுதான் போனை மடியில் வைத்தார். “மத்த பிள்ளைக சிரிச்சிருக்குமே?”

“ஒண்ணுகூடச் சிரிக்கலையாம். எங்க வீட்லயும் இதே கதைதான்னு சொல்லுச்சுகளாம்.”