லூயிசா அனுப்பின வீடியோ

— இன்னாங்க, நேத்து அனுப்பின வீடியோ இன்னுமா புரியல? கம்ப்யூட்டர் ஸ்கிரீன அப்படியே ரெக்கார்ட் பண்ணி, எங்கெங்க அமுக்கணும்னு பேசிக்கினே காட்டியிருந்தேனே.

— பாத்துக்கினேதான் கீறேன் லூயிசா. திரும்பத் திரும்ப.

— அப்போ ரிப்போர்ட் போட வரலையா?

— அது வந்துடுச்சி மே. காலையில சூப்பர்வைசர் எதிர்லயே போட்டேன். "இன்னா எல்வின், வெல்டிங் தவிர ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சேன், எங்க கத்துக்கினே"ன்னாரு. கே.ஜி.எஃப்ல என் வீட்டுக்காரிதான் சார் டீச்சருன்னேன்.

— போங்க. ராபர்ட்சன்பேட்டை பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் எடுத்துக் குடுத்தவ நானு. டீச்சராம்.

— ஓசூர் கம்பெனிக்கே தெரிஞ்சிபோச்சி. இனிமே மாத்த முடியாது.

— அப்போ கம்ப்யூட்டர் தெரியலன்னு வேலைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?

— ஆவாது. நிம்மதியா இரு. ஸ்வீட்டி இன்னா பண்றா?

— மேஜைக்கு அடியில குந்திக்கினு டப்பா மூடிய அடுக்குறா. நாலு வயசு ஆவப்போவுதுங்க, ஒரு வார்த்த வரல. காது நல்லாக் கேக்குது, பேசுவா, பொறுங்கன்னுதான் டாக்டர் சொல்றாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பியூலா அக்கா, "இன்னும் அம்மான்னுகூட சொல்லலையா"ன்னாங்க. சிரிச்சிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து கதவ சாத்திக்கினு அழுதேன்.

— எங்கிட்ட சொல்லவே இல்லியே.

— அங்க தனியா ரூம்ல கெடக்குறீங்க. இதையும் சொல்லி இன்னாத்துக்கு.

— நீ வீடியோ எடுக்கும்போது அவ எங்க இருந்தா?

— கட்டில்ல தூங்கிக்கினு இருந்தா. ஏன், எதுனா சத்தம் வந்துச்சா? நான் ரெண்டு காதுலயும் ஹெட்போன் மாட்டியிருந்தேன், வெளிய ஒண்ணும் கேக்கல.

— எடத்துக்கு எடம் "இங்க அமுக்குங்க, இங்க அமுக்குங்க"ன்றே இல்ல? கடைசில மட்டும் அது ரெண்டு வாட்டி கேக்குது.

— ரெண்டு வாட்டி எங்க சொன்னேன். ஒரு வாட்டிதான் சொல்லியிருப்பேன்.

— அதான் எனக்கும் சந்தேகம். தப்பாக் கேட்டுட்டு உனக்கு வீணா ஆச காட்டிடக்கூடாதுன்னு நேத்திலேந்து அந்த எடத்தையே போட்டுப் போட்டுக் கேட்டுக்கினு கீறேன். பக்கத்து ரூம் வால்டரையும் கூப்ட்டுக் கேக்க வெச்சேன். அவனும் அதேதான்றான்.

— இன்னான்றாரு? சீக்கிரம் சொல்லுங்க.

— நீ சொல்லி முடிச்சதும், உன் முதுகுக்குப் பின்னாலேந்து "இங்க அம்க்கு"ன்னு சொல்றது நம்ம ஸ்வீட்டி.