பதினேழாவது இன்னிங்ஸ் முடியும் வரை

விளையாட்டில் எனக்கு எப்போதுமே பெரிய ஆர்வம் இருந்ததில்லை, சின்ன மாமா. ஊரே டிவிக் கடை வாசலில் நின்று கிரிக்கெட் பார்த்த நாட்களில்கூட நான் என் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

உங்கள் அண்ணன், என் மாமனார், செத்த அன்று என்ன நடந்தது என்று அரக்கோணத்திலிருந்து பஸ் ஏறி வந்து கேட்கிறீர்கள். நியாயம்தான். முதலிலிருந்து சொல்கிறேன்.

எஸ்டிடி பூத்தோடு பிரவுசிங் சென்டரும் சேர்த்துப் போட்ட வருஷம் அது. சாய்ராம் என்று ஒருவர், மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைப்பவரின் மகன், அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்தார். தினமும் காலையில் என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பேஸ்பால் வர்ணனை கேட்பார். அவர் ஊர் அணி ஆடும் ஆட்டம். அங்கே ராத்திரி, நமக்குக் காலை ஏழரை. அதற்கென்று பணம் கட்டியிருந்தார். ரேடியோ கேட்கப் பணமா என்று நானும் சிரித்தேன். ஹெட்போனை ஒருநாள் என் காதில் வைத்தார்.

அதை எப்படிச் சொல்வது? ஒருவன் பந்தை வீசுவான், ஒருவன் மட்டையால் அடிப்பான். பெரும்பாலும் அடிக்க மாட்டான். அந்த நேரத்தில் வர்ணனை சொல்கிற கிழவர் தன் வீட்டுத் தக்காளிச் செடியைப் பற்றிப் பேசுவார். எனக்குப் பாதி இங்கிலீஷ்தான் புரியும். ஆனாலும் அந்தக் குரலுக்கு அவசரமே கிடையாது. என் வீட்டிலோ கடையிலோ அவசரமில்லாமல் என்னிடம் பேசிய ஆள் அவர் ஒருவர்தான். அடுத்த வருஷம் சாய்ராம் தன் கார்டில் எனக்காகக் கட்டினார், நான் அவர் அப்பாவிடம் ரூபாயாகக் கொடுத்தேன். வீட்டில் என் பெண்டாட்டி அம்சாவிடம் கம்ப்யூட்டருக்கு மருந்து போடுகிற செலவு என்றேன். வைரஸுக்கு மருந்து உண்டுதானே? அது முழுப் பொய் ஆகாது.

போன செப்டம்பரில் அந்தக் காலையில் கிழவர் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது பூத் போன் அடித்தது. பேசியது உங்கள் அண்ணன் மகன், அம்சாவின் தம்பி கங்காதரன்.

"பாவா, நைனா பூட்டாரு பாவா. தூக்கத்துலயே. அக்காவ இட்டுக்கினு உடனே வாங்க."

"எப்ப எடுக்கறீங்க?"

"மதியானம் ஆவும். அக்கா கடைசியா ஒருவாட்டி மூஞ்சி பாக்கணும், சீக்கிரம் வந்துடுங்க."

"ஆங், வந்துடறோம்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

பிறகு யோசித்தேன். ஆட்டம் பத்தரைக்கு முடியும். அரக்கோணம் அரை மணி தூரம். மாமனார் இனி எங்கும் போகப்போவதில்லை. அம்சாவுக்கு இப்போதே சொன்னால் இப்போதே அழுவாள், பத்தரைக்குச் சொன்னால் பத்தரைக்கு அழுவாள். மூன்று மணி நேரம் அவளை நிம்மதியாக விட்டு வைப்பதில் என்ன கெடுதல்? காசு கட்டிக் கேட்பதைப் பாதியில் விடுவதும் எனக்குப் பழக்கமில்லை. பழைய ஆட்டத்தை மறுநாள் கேட்கிற வசதியும் அதில் உண்டுதான். முடிவு தெரிந்த ஆட்டத்தில் என்ன இருக்கிறது?

பூத் போன் ரிசீவரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஒயரைப் பிடுங்கவில்லை.

பத்து மணிக்கு அம்சா டிபன் கேரியரோடு வந்தாள். "நைனாவுக்கு நாலு நாளா இருமலாம். சாயங்காலம் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாமாங்க?" என்றாள்.

"ஆங், போலாம். அதுக்கு முன்ன மலைக்குப் போய் அவர் பேர்ல ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வாயேன்" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்பாவுக்காக நானாக ஒன்று சொன்னது அதுதான் முதல் தடவை. தீட்டோடு கோயிலுக்கு அனுப்பினாயே என்பீர்கள். தெரியாமல் போகிறவளுக்குத் தீட்டு ஏது? தெரிந்தவன் நான். நான் கடையைவிட்டு நகரவே இல்லை.

பத்தரைக்கு ஆட்டம் முடியவில்லை. இரண்டு பக்கமும் சமம். கிரிக்கெட்டில் வெளிச்சம் போனால் கலைந்து போவார்கள். இதில் அது கிடையாது. யாராவது ஜெயிக்கிறவரை இன்னொரு இன்னிங்ஸ், அப்புறம் இன்னொன்று. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம், சமமானாலும் வழக்கமாகப் பத்தாவது, பதினொன்றாவது இன்னிங்ஸில் தீர்ந்துவிடும். அன்று தீரவில்லை. ஒவ்வொரு இன்னிங்ஸ் தொடங்கும்போதும் இதுதான் கடைசி என்று நம்பித்தான் உட்கார்ந்தேன். அப்படிப் பார்த்தால் நான் உங்களைக் காக்க வைத்தது ஒரே ஒரு இன்னிங்ஸ். அதுதான் திரும்பத் திரும்ப வந்துவிட்டது.

மலையிலிருந்து இறங்கி வந்த அம்சா என் நெற்றியில் விபூதி பூசினாள். "நைனாவுக்கு ஒண்ணும் ஆவாது, நல்ல தரிசனம்" என்றாள். கிழவர் பதினான்காவது இன்னிங்ஸ் என்றார். நான் அவளை வீட்டுக்குப் போய்ப் புளிக்குழம்பு வைக்கச் சொன்னேன்.

ஒரு மணி தாண்டிப் பதினேழாவதில் எங்கள் அணி தோற்றது. காத்திருந்தவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள் என்று கிழவர் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே வீட்டுக்குப் போய், இப்போதுதான் போன் வந்தது என்று அம்சாவிடம் சொன்னேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் வந்து சேர்ந்தபோது நீங்கள் எடுத்துவிட்டிருந்தீர்கள். இதற்குமேல் வைக்கக் கூடாது என்று நீங்கள்தான் அவசரப்படுத்தினீர்கள் எனப் பிறகு கேள்விப்பட்டேன். அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. வாசல் கழுவியிருந்தது. பாடை கட்டின இடத்தில் மூங்கில் சீவல் கிடந்தது. அம்சா அதன்மேல் போய் உட்கார்ந்தாள். ஒரு சீவலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அவள் அழவே இல்லை. என் கண்தான் சிவந்திருந்தது. பெற்ற பிள்ளைகூட இப்படி அழவில்லை என்று உங்கள் வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். மறுத்துப் பேச அது இடமில்லை.

பிறகுதான் அம்சா தம்பியைக் கேட்டாள். ஏன் ஒரு மணிக்குச் சொன்னாய் என்று.

"காலைலயே சொன்னேனே பாவா?" என்று அவன் என்னைப் பார்த்தான்.

நான் அவன் தோளில் கை வைத்தேன். "துக்கத்துல உனக்கு நேரம் தெரிஞ்சிருக்காது கங்கா. வேற யாருக்கோ சொல்லிட்டு எங்களுக்குச் சொன்னதா நினைச்சிக்கினு இருக்க."

நல்ல பையன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்பிடியும் இருக்கும் பாவா" என்றான். அதிலிருந்து அவன் தன் தலையையே நம்புவதில்லை என்று கேள்வி. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்க்கிறவன், அது கொஞ்சம் சிரமம்தான்.

அம்சா அவனோடு பேச்சை நிறுத்தினாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கொண்டுவந்த பொங்கல் சீரைக் கரும்போடு திருப்பி அனுப்பினாள். இரண்டு பேரையும் சேர்த்து வைக்க நான் எவ்வளவோ புத்தி சொன்னேன். தம்பியை மன்னித்துவிடு என்று அம்சாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

இத்தனை மாசம் சும்மா இருந்துவிட்டு இன்று ஏன் உங்களை உட்கார வைத்துச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பொங்கலுக்கு அப்புறம் கங்காதரன் நைட் டூட்டி முடிந்து நேராக என் கடைக்கு வந்துவிடுகிறான். சரியாக ஏழரைக்கு. அக்காவிடம் எடுத்துச் சொல்லுங்கள் என்று என் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறான், பத்து பத்தரை வரைக்கும். சனவரி, பிப்ரவரி அங்கே ஆட்டம் இல்லாத மாசங்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தேற்றினேன், டீ வாங்கிக் கொடுத்தேன். இப்போது ஏப்ரல் பிறந்துவிட்டது, ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. ஒரு காதில் கிழவர், ஒரு காதில் கங்காதரன். ஒரு மனுஷன் எவ்வளவு நாள் தாங்குவான்?

ஆமாம், காலையிலேயே எனக்குத் தெரியும். கடைசியாக ஒரு தடவை மகள் தன் அப்பா முகத்தைப் பார்க்க விடாமல் செய்தது நான்தான். பழியை அவன்மேல் போட்டதும் நான்தான். மறைக்க மனசு வரவில்லை, அதனால்தான் சொல்லிவிட்டேன். அக்கா தம்பி ஒன்றானால் போதும், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். நாளையிலிருந்து அவன் கடைக்கு வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சின்ன மாமா.